திரை சுருங்கினால், இருண்டால்: உபுண்டுவில் ரெசல்யூஷனும் கிராஃபிக்ஸ் டிரைவரும்

புதிதாக உபுண்டு ஏற்றிய கணினி. எழுத்தெல்லாம் பூதாகாரமாகத் தெரிகிறது. செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதியைத் திறந்தால் 1024 × 768 என்ற ஒரே அளவுதான் இருக்கிறது. மானிட்டரோ 1920 × 1080. இன்னொரு கணினியில் நேற்றுவரை ஒழுங்காக இருந்த திரை, அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் இருண்டுவிட்டது. இரண்டுக்கும் யாரைக் கேட்டாலும் முதலில் வரும் யோசனை, "டிரைவரை மாற்றிப் போடுங்கள்." அதைக் கேட்டு எதையோ இறக்கி நிறுவி, இருந்த சின்னத் திரையையும் பறிகொடுப்பது லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வழக்கமாக நேர்வது.

டிரைவரைத் தொடுவது இந்த அத்தியாயத்தில் பாதிக்கு மேல்தான் வரும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில உண்டு. பார்த்தால், பல சமயம் டிரைவரைத் தொடவே வேண்டியிருக்காது.

இங்கே சொல்வதெல்லாம் உபுண்டு 24.04ஐ மனத்தில் வைத்து. மின்ட், டெபியன் வைத்திருப்பவர்களுக்கு மெனுக்களின் பெயர் கொஞ்சம் மாறும்; அடிப்படை மாறாது. டெர்மினலில் தட்ட வேண்டிய கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகள்.

படம் திரைக்கு வரும் வழி

ஒவ்வொரு மானிட்டரும் தன் ஜாதகத்தைத் தானே சுமந்துகொண்டு வருகிறது. உள்ளே ஒரு சிறு சிப்பில் 128 பைட் தகவல்: யார் தயாரித்தது, எந்தெந்த அளவில் படம் காட்ட முடியும், எது அதன் இயல்பான அளவு. இதற்கு இடிஐடி என்று பெயர். புதிய மானிட்டர்களிலும் டிவிகளிலும் இதோடு இன்னொரு 128 பைட்டோ அதற்கு மேலோ சேர்ந்திருக்கும். கேபிளைச் செருகியதும் கெர்னலுக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் டிரைவர் இதைக் கேட்டு வாங்குகிறது. அதைப் படித்து, தன் சிப்பால் முடிகிறவற்றை மட்டும் பொறுக்கி, டெஸ்க்டாப்பிடம் ஒப்படைக்கிறது. செட்டிங்ஸில் நாம் பார்க்கும் ரெசல்யூஷன் பட்டியல் அதுதான். முப்பரிமாணப் படம், ஜன்னல்களின் அசைவு, வீடியோ ஆகியவற்றை வரைகிற வேலை மேசா என்ற தனி மென்பொருள் தொகுப்புக்கு. என்விடியாவின் சொந்த டிரைவர் போட்டிருந்தால் அதுவே இதையும் பார்த்துக்கொள்ளும்.

ஆகப் பட்டியல் குறுகிப்போக இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, தகவல் மானிட்டரிலிருந்து கெர்னலுக்கு வந்து சேரவில்லை. இன்னொன்று, அதைக் கேட்டு வாங்க வேண்டிய டிரைவர் வேலையிலேயே சேரவில்லை. முதலாவதற்கு எத்தனை டிரைவர் மாற்றினாலும் பயனில்லை.

திரையின் அளவை நிர்ணயிக்கும் பொறுப்பு கெர்னலுக்கு வந்தது 2009இல், 2.6.29 பதிப்பில்; அதுவும் முதலில் இன்டெல் சிப்புகளுக்கு மட்டும். அதற்கு முன்னால் எக்ஸ் சர்வர் என்ற நிரல் அதைச் செய்தது. அதற்கான அமைப்புக் கோப்பில் மானிட்டரின் அலைவெண்களைக் கையால் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் பழைய படக்குழாய் மானிட்டர் பழுதாகும் என்ற எச்சரிக்கையெல்லாம் உண்டு. அந்தக் காலத்து யோசனைகள் இன்னும் உலவுகின்றன. "எக்ஸ்-ஆர்க் டாட் கான்ஃப் கோப்பை உருவாக்கு" என்று எவராவது தொடங்கினால், அது எந்த வருடத்து யோசனை என்று கேளுங்கள். இன்றைக்கு அந்தக் கோப்பு இல்லாமலிருப்பதுதான் இயல்பு. யாரோ எப்போதோ எழுதி வைத்த கோப்பு ஒன்று இடிசி டைரக்டரிக்குள் எக்ஸ்11 ஃபோல்டரில் கிடந்து திரையைக் கெடுப்பதும் உண்டு. இருந்தால் அழிக்க வேண்டாம். பெயரை மாற்றி வைத்து ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

முதல் பார்வை

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபௌட், அதற்குள் சிஸ்டம் டீடெய்ல்ஸ். இதில் இரண்டு வரிகள் போதும்.

'கிராஃபிக்ஸ்' என்ற வரியில் உங்கள் சிப்பின் பெயர் இருந்தால் நல்லது. எல்எல்விஎம்பைப் என்று இருந்தால், படம் வரையும் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப் செய்யவில்லை, ப்ராசஸரே இழுத்துப்போட்டுக்கொண்டு செய்கிறது. ஜன்னலை நகர்த்தினால் தடுமாறுவதும், வீடியோ ஓடும்போது மின்விசிறி இரைவதும் அதனால்தான். 'விண்டோயிங் சிஸ்டம்' என்ற வரியில் வேலண்ட் அல்லது எக்ஸ்11 என்று இருக்கும். எது என்று குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து டெர்மினலைத் திறந்து எல்-எஸ்-பிசிஐ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் அதை ஒட்டி என்-என்-கே என்ற மூன்று எழுத்துகளும் தட்டுங்கள். நீண்ட பட்டியல் ஓடும். அதில் விஜிஏ அல்லது 3டி என்று தொடங்கும் பகுதியைத் தேடுங்கள். கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருக்க வேண்டும். இன்டெல் என்றால் ஐ915, மிகப் புதிய சிப்புகளில் எக்ஸ்ஈ. ஏஎம்டி என்றால் ஏஎம்டிஜிபியு, பழைய அட்டைகளில் ரேடியான். என்விடியா என்றால் நூவோ அல்லது என்விடியா. லேப்டாப்பில் இரண்டு சிப் இருந்தால் இப்படி இரண்டு பகுதிகள் வரும்.

இந்த வரி இருந்தும் ரெசல்யூஷன் குறைவாக இருந்தால், சந்தேகம் கேபிள் பக்கம் போக வேண்டும். வரியே இல்லையென்றால் டிரைவர் பக்கம். அங்கே போகும் முன் ஒரு சொல்லைத் தேடிப் பார்த்துவிடலாம்.

மறந்துபோன ஒரு சொல்

உபுண்டு நிறுவும்போது பூட் மெனுவில் 'சேஃப் கிராஃபிக்ஸ்' என்ற இரண்டாவது வரி இருக்கும். திரை இருண்டுபோன கணினிகளுக்காக வைத்தது. அதைத் தேர்ந்தால் கெர்னலுக்கு 'நோமோட்செட்' என்ற சொல் போகிறது: நோ, மோட், செட் மூன்றையும் இடைவெளியில்லாமல் சேர்த்து எழுதியது. திரையின் அளவைத் தொடாதே என்று டிரைவருக்குப் போடும் தடை அது. நிறுவுவதற்கு மட்டும் தேவைப்பட்ட அந்தத் தடை, நிறுவிய பிறகும் சில சமயம் பூட் அமைப்பில் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. கணினி நன்றாகவே இயங்கும். ரெசல்யூஷன் மட்டும் உயராது. இன்டெல், ஏஎம்டி சிப்புள்ள கணினியில் எல்எல்விஎம்பைப் என்று பார்த்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

இருக்கிறதா என்று பார்க்க, ப்ராக் டைரக்டரியில் உள்ள சிஎம்டிலைன் கோப்பைக் கேட் கட்டளையால் திறந்து படியுங்கள். நோமோட்செட் தென்பட்டால், இடிசி டைரக்டரியில் டிஃபால்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் கிரப் கோப்பை நிர்வாகி உரிமையோடு திறந்து, 'கொயட் ஸ்ப்ளாஷ்' என்ற சொற்கள் உள்ள வரியிலிருந்து அந்த ஒரு சொல்லை மட்டும் நீக்குங்கள். மேற்கோள் குறிகள் அப்படியே இருக்கட்டும். சேமித்துவிட்டு 'சுடோ அப்டேட்-கிரப்' கட்டளை, பிறகு ரீஸ்டார்ட். பலருக்கு இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்துவிடும்.

கேபிளைச் சந்தேகியுங்கள்

டிரைவர் சரியாக உட்கார்ந்திருக்கிறது, நோமோட்செட்டும் இல்லை, ஆனாலும் 1024 × 768தான் வருகிறது என்றால், மானிட்டரின் ஜாதகம் வந்து சேரவில்லை. தகவல் ஏதும் கிடைக்காதபோது எந்த மானிட்டரும் தாங்கும் என்று கெர்னல் நம்பித் தருகிற அளவு அது.

நிச்சயப்படுத்திக்கொள்ள வழி இருக்கிறது. சிஸ் டைரக்டரியில் கிளாஸ், அதற்குள் டிஆர்எம் ஃபோல்டருக்குப் போனால், ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும்: கார்டு1-எச்டிஎம்ஐ-ஏ-1, கார்டு1-விஜிஏ-1 என்பதுபோல. ஒவ்வொன்றிலும் ஸ்டேட்டஸ், மோட்ஸ், இடிஐடி என்ற கோப்புகள் உண்டு. ஸ்டேட்டஸில் 'கனெக்டட்' என்று இருந்து, இடிஐடி காலியாக இருந்தால் குற்றவாளி கேபிளோ நடுவில் மாட்டியிருக்கும் வேறொன்றோதான். ஃபைல் மேனேஜரில் அந்தக் கோப்பின் அளவு எப்போதும் பூஜ்யம் என்றே காட்டும், அதை நம்பாதீர்கள். டபிள்யூ-சி கட்டளையைக் கழித்தல் சி என்ற குறிப்போடு அந்தக் கோப்பின்மேல் ஏவினால் உண்மையான எண் வரும்: 128, 256 அல்லது 0.

பழைய நீல விஜிஏ கேபிள்தான் இதில் பேர்போனது. அதன் தலையில் 15 ஊசிகளுக்கு இடம். 12ஆவதும் 15ஆவதும் இந்தத் தகவல் பரிமாற்றத்துக்கானவை. மலிவுக் கேபிள்களில் இந்த ஊசிகள் இல்லாமலோ, ஊசி இருந்தும் உள்ளே கம்பி இணைக்கப்படாமலோ இருக்கும். படத்துக்கான கம்பிகள் சரியாக இருப்பதால் படம் வரும், தகவல் மட்டும் வராது. 9ஆவது ஊசி இல்லாத கேபிளைப் பார்த்துப் பதற வேண்டாம். பல நல்ல கேபிள்களிலும் அந்த இடம் காலிதான். இரண்டு கணினிகளுக்கு ஒரே மானிட்டரைப் பகிரும் கேவிஎம் ஸ்விட்ச், ஒரே படத்தை ப்ரொஜெக்டருக்கும் மானிட்டருக்கும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர், வகுப்பறைகளில் கூரை வழியே இழுத்துப் போகிற நீளமான கேபிள், எல்லாம் இதே வேலையைச் செய்யும். நடுவில் இருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு, வேறொரு கேபிளால் மானிட்டரை நேரே கணினியில் செருகிப் பாருங்கள். பட்டியல் நீண்டால் விடை கிடைத்துவிட்டது.

கேபிளை மாற்ற முடியாத இடங்களில், கூரைக்குள் போன கேபிளைப்போல, மானிட்டரின் அளவை நாமே கெர்னலுக்குச் சொல்ல வேண்டும். இங்கேதான் வேலண்டா எக்ஸ்11ஆ என்ற குறிப்பு தேவைப்படுகிறது.

எக்ஸ்11 என்றால் எக்ஸ்-ஆர்-ஏ-என்-டி-ஆர் என்ற கட்டளை உங்கள் கருவி. முதலில் சி-வி-டி கட்டளையோடு 1920, 1080 என்ற இரு எண்களைத் தந்தால், மோட்லைன் என்று தொடங்கும் ஒரு வரியைக் கணக்கிட்டுத் தரும். அதை நியூமோட் என்ற குறிப்பால் அறிமுகப்படுத்தி, ஆட்மோட் என்ற குறிப்பால் குறிப்பிட்ட போர்ட்டில் சேர்த்து, கடைசியில் அந்த மோடைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சொல்வதற்கு எளிது. இரண்டு இடத்தில் கால் இடறும்.

ஒன்று, சிவிடி தருகிற 1920 × 1080க்கான வரியில் பிக்ஸல் வேகம் 173 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கும். பழைய எச்டிஎம்ஐ போர்ட்டுகளும் ஒற்றை இணைப்பு டிவிஐயும் 165 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் தாங்காது. கட்டளை தப்பு என்று நினைத்து மறுபடி மறுபடி தட்டுவோம்; கட்டளையில் பிழையில்லை, கேட்பது அளவுக்கு மீறியது. படக்குழாய்க் காலத்தில் மின்கற்றை ஒரு வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப நேரம் வேண்டியிருந்தது. அந்த வெற்று நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதால்தான் 173. தட்டைத் திரைக்கு அவ்வளவு தேவையில்லை. சிவிடியோடு கழித்தல் ஆர் என்று சேர்த்தால் வெற்று நேரத்தைக் குறைத்து 138.5 மெகாஹெர்ட்ஸில் ஒரு வரி தரும். அது போய்ச் சேரும். டிவிகள் பயன்படுத்தும் 1080க்கான நிலையான வேகம் 148.5, அதுவும் 165க்குள் அடங்குகிறது.

இரண்டு, பல லேப்டாப்புகளிலும் சிறிய டிவிகளிலும் உள்ள 1366 × 768. சிவிடி அகலத்தை எட்டின் மடங்காகவே கணக்கிடும். 1366 எட்டால் வகுபடாது. ஆகவே கேட்காமலே 1368 ஆக்கிவிடும். ஓரத்தில் இரண்டு பிக்ஸல் வெட்டுப்பட்டாலும் படம் வந்துவிடும், பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

இப்படிச் சேர்த்தது ரீஸ்டார்ட் செய்ததும் மறைந்துவிடும். ஹோம் டைரக்டரியில் புள்ளியில் தொடங்கும் எக்ஸ்ப்ரொஃபைல் என்ற கோப்பில் அதே கட்டளைகளை எழுதி வைத்தால் ஒவ்வொரு முறையும் தானாக ஓடும்.

வேலண்டில் இந்தக் கட்டளையின் பேச்சு எடுபடாது. உபுண்டு 25.10லிருந்து அதன் டெஸ்க்டாப்பான க்னோமுக்கு எக்ஸ்11 தேர்வே இல்லை என்பதால், இனி எல்லோரும் கற்க வேண்டியது கெர்னல் வழிதான். முன்பு சொன்ன கிரப் கோப்பின் அதே வரியில், வீடியோ என்ற சொல், சமக்குறி, போர்ட்டின் பெயர், முக்காற்புள்ளி, 1920, எக்ஸ் எழுத்து, 1080, அட் குறி, 60 என்று எல்லாவற்றையும் இடைவெளியில்லாமல் எழுதுங்கள். 1080ஐ ஒட்டிப் பெரிய எம், பெரிய ஆர் என இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால், சிவிடி முறையில், வெற்று நேரத்தைக் குறைத்துக் கணக்கிடும். 60ஐ ஒட்டிச் சிறிய இ எழுத்தைச் சேர்த்தால், மானிட்டர் இருப்பதாக கெர்னல் உணராவிட்டாலும் அந்த போர்ட்டுக்குப் படத்தை அனுப்பும். போர்ட்டின் பெயரில் மட்டும் கவனம்: கெர்னல் எச்டிஎம்ஐ-ஏ-1 என்று அழைப்பதை எக்ஸ்11 எச்டிஎம்ஐ-1 என்று அழைக்கும். இங்கே எழுத வேண்டியது டிஆர்எம் ஃபோல்டரில் பார்த்த பெயர், கார்டு1 என்ற முன்னொட்டு இல்லாமல்.

கோளாறுபோலத் தெரிந்தும் கோளாறு அல்லாதவை

டிவியில் இணைத்ததும் மேல்பட்டை பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தால் ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள். ஒளிபரப்புப் படத்தின் ஓரத்தை மறைக்க டிவி தானாகவே படத்தைப் பெரிதாக்கும் பழக்கம் அது. டிவியின் ரிமோட்டில் படத்தின் அளவு மெனுவுக்குள் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்க்ரீன் ஃபிட்' என்று ஏதாவதொரு பெயரில் தீர்வு இருக்கும்.

4கே மானிட்டரில் மவுஸ் அம்பு இழுபடுகிறதா? ரிஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டால் 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்க முடியும். 60 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் வேண்டும். அதற்கும் மேலான வேகம் வேண்டுமென்றால், ஏஎம்டி அட்டை வைத்திருப்பவர்கள் டிஸ்ப்ளேபோர்ட்டையே தேர்ந்தால் நல்லது. எச்டிஎம்ஐ 2.1க்கான திறந்த மூலக் குறியீட்டை வெளியிட ஏஎம்டி கேட்ட அனுமதியை 2024இல் எச்டிஎம்ஐ ஃபோரம் மறுத்துவிட்டது.

எழுத்து சிறிதாக இருக்கிறது என்று ரெசல்யூஷனைக் குறைக்கும் பழக்கம் விண்டோஸ் காலத்திலிருந்தே நம்மோடு வருகிறது. தட்டைத் திரையில் அதன் இயல்பான அளவைத் தவிர வேறெதைத் தேர்ந்தாலும் படம் மங்கும். ஆங்கில எழுத்து ஓரளவு தாங்கிக்கொள்ளும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துபோய் 'ன்'னும் 'ன'வும் ஒன்றுபோலத் தெரியும். 'கி', 'கீ' வேறுபாடு காண முகத்தைத் திரையருகே கொண்டுபோக வேண்டும். டிஸ்ப்ளே பகுதியில் ஸ்கேல் என்பதை 125 அல்லது 150 சதவீதமாக்குங்கள். இடைப்பட்ட அளவுகள் இல்லையென்றால் அதே பக்கத்தில் ஃப்ராக்ஷனல் ஸ்கேலிங்கை இயக்குங்கள்.

இன்டெல், ஏஎம்டி

இவற்றுக்கு டிரைவர் தேடி எந்தத் தளத்துக்கும் போக வேண்டாம். டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஏஎம்டிஜிபியு 2015இல் கெர்னல் 4.2இல் சேர்ந்தது, அதற்கு முன்பிருந்த ஏஎம்டியின் மூடிய டிரைவரை உபுண்டு 16.04இலேயே கைவிட்டார்கள். இன்றைக்கு இவற்றில் வரும் சிக்கல் பெரும்பாலும் வயதைப் பொறுத்தது. சிப் கெர்னலைவிடப் புதியதாக இருந்தால் கெர்னலுக்கு அதைத் தெரியாது. அப்போது லினக்ஸ்-ஜெனரிக்-எச்டபிள்யூஇ-24.04 என்ற தொகுப்பை நிறுவினால் புதிய கெர்னல் வரும். சிப்புக்கு வேண்டிய ஃபர்ம்வேர் இல்லையென்றாலும் இதே அறிகுறிதான். லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பைப் புதுப்பியுங்கள். டெபியன்காரர்களுக்கு இது நெடுநாள் தலைவலி. 2023இல் வந்த டெபியன் 12இலிருந்துதான் ஃபர்ம்வேர் நிறுவியோடு சேர்ந்தே வருகிறது.

மறுமுனையில் சில பழைய நெட்புக்குகள் உண்டு. இன்டெல் ஜிஎம்ஏ 500, 3600 என்று பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு நிறுவனத்தின் பவர்விஆர் சிப். கெர்னலில் உள்ள டிரைவர் சரியான ரெசல்யூஷனைத் தரும். முப்பரிமாண வேகம் தராது. இதற்குத் தீர்வு தேடி நேரத்தை வீணாக்காமல், எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான டெஸ்க்டாப்பைப் போட்டு எழுத்து வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

என்விடியா

2012இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டியது இந்த நிறுவனத்துக்காகத்தான். அதன்பின் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2022 மே மாதம் என்விடியா தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தைய அட்டைகளுக்கும் மட்டுமே அது பொருந்தும். மேலடுக்கு இன்னும் மூடியேதான் இருக்கிறது.

உபுண்டு நிறுவியதும் பொதுவாக அமர்வது நூவோ. என்விடியாவின் உதவியில்லாமல், அட்டை எப்படி இயங்குகிறது என்று வெளியிலிருந்து ஆராய்ந்து எழுதத் தொடங்கிய டிரைவர். பழைய அட்டைக்கும் சாதாரண அலுவலக வேலைக்கும் அதுவே போதும். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசை அட்டைகளில் மட்டும் அது திணறும்: அந்த அட்டைகள் என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் வேகத்தைக் கூட்ட விடாது, ஆகவே தொடக்கத்தில் இருக்கும் மிகக் குறைந்த வேகத்திலேயே நின்றுவிடுகிறது.

என்விடியாவின் டிரைவர் வேண்டுமென்றால், மெனுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்று தேடித் திறந்து, 'ரெக்கமெண்டட்' என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். டெர்மினல்தான் பிடிக்கும் என்றால் 'சுடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்'. இரண்டும் ஒன்றே. என்விடியா தளத்தில் கிடைக்கும் டாட் ரன் கோப்பைத் தொடாதீர்கள். அது உபுண்டுவின் தொகுப்பு முறையான ஆப்ட்டுக்கு வெளியே தன் கோப்புகளைப் பரப்பி வைக்கும். அடுத்த கெர்னல் அப்டேட்டில் திரை இருண்டால், எதை நீக்குவது என்று ஆப்ட்டுக்குத் தெரியாது. ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள், 'சுடோ என்விடியா-அன்இன்ஸ்டால்' என்று அதன் சொந்தக் கட்டளையாலேயே வெளியேற்ற வேண்டும்.

எண்ணைப் பாருங்கள். ஜிஃபோர்ஸ் 600, 700 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 470தான் கடைசி டிரைவர் வரிசை. 400, 500 வரிசைகளுக்கு 390. 390க்கான ஆதரவு 2022 முடிவில் நின்றுவிட்டது; புதிய கெர்னலோடு அதைக் கட்டிப்போட முயல்வதைவிட நூவோவோடு இருந்துவிடுவது நிம்மதி.

நிறுவி முடித்த பிறகும் டிரைவர் இயங்கவில்லையென்றால் செக்யூர் பூட்டைச் சந்தேகியுங்கள். கையொப்பமில்லாத கெர்னல் பகுதியை அது உள்ளே விடாது. டிரைவர் உங்கள் கணினியிலேயே கட்டப்படும்போது, நிறுவலின் நடுவில் ஒரு கடவுச்சொல் கேட்கும். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரையில் 'பெர்ஃபார்ம் எம்ஓகே மேனேஜ்மெண்ட்' என்று வந்து, பத்து விநாடி காத்திருந்துவிட்டுப் போய்விடும். அதற்குள் ஒரு விசையைத் தட்டி, 'என்ரோல் எம்ஓகே', 'கன்டின்யூ', 'யெஸ்' என்று போய், அந்தக் கடவுச்சொல்லைத் தர வேண்டும். டீ போடப் போனவர்கள் இதைத் தவறவிடுவார்கள். தவறவிட்டிருந்தால், எம்ஓகேயூடில் என்ற கட்டளைக்கு இம்போர்ட் என்ற குறிப்போடு, வார், லிப், ஷிம்-சைன்ட், எம்ஓகே என்ற வழியில் இருக்கும் சாவிக் கோப்பைத் தந்தால் மறுபடி கடவுச்சொல் கேட்டு, அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரையைக் கொண்டுவரும். இயங்குகிறதா என்று பார்க்க 'என்விடியா-எஸ்எம்ஐ'. அட்டையின் பெயரோடு ஒரு கட்டம் வந்தால் சரி. டிரைவரோடு பேச முடியவில்லை என்று வந்தால், படிகளில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

இரட்டைச் சிப் லேப்டாப்பில் வெளி மானிட்டர் தெரியவே இல்லை என்ற புகார் அடிக்கடி வரும். பல மாடல்களில் எச்டிஎம்ஐ போர்ட்டின் கம்பி என்விடியா சிப்பில் போய் முடிகிறது; லேப்டாப்பின் சொந்தத் திரை இன்டெல்லில். ஆகவே என்விடியா டிரைவர் ஏறாதவரை அந்த போர்ட்டுக்கு உயிர் வராது. ஏறியும் வராவிட்டால் 'ப்ரைம்-செலக்ட் குவெரி' என்று கேளுங்கள். இன்டெல் என்று பதில் வந்தால், 'சுடோ ப்ரைம்-செலக்ட் ஆன்-டிமாண்ட்' என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

திரை முழுக்க இருண்டுவிட்டால்

விண்டோஸை மறுபடி ஏற்றும் முடிவை இந்தப் பத்திகள்வரை தள்ளிப்போடுங்கள்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் எழுத்துத் திரை வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. கணினி உயிரோடிருக்கிறது, படம் மட்டும்தான் போயிருக்கிறது. உள்ளே நுழைந்து, என்விடியா டிரைவருக்குப் பின் வந்த கோளாறு என்றால் 'சுடோ ஆப்ட் பர்ஜ்' என்று தட்டி, ஒற்றை மேற்கோளுக்குள் என்விடியா, கழித்தல் குறி, நட்சத்திரக் குறி மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். எதையெல்லாம் நீக்கப்போகிறது என்று காட்டும் பட்டியலைப் படித்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள். ரீஸ்டார்ட் செய்ததும் நூவோ பொறுப்பேற்கும்.

அந்தத் திரையும் வராவிட்டால், கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள். கிரப் மெனு வரும். எஸ்கேப்பை அவசரப்பட்டு இரண்டு மூன்று முறை தட்டினால் மெனுவைத் தாண்டி வெறும் கட்டளை வரியில் விழுவீர்கள். அங்கே 'நார்மல்' என்று தட்டி என்டர் கொடுத்தால் மெனு திரும்பும். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே முந்தைய கெர்னல் இருக்கும். அப்டேட்டுக்குப் பின் வந்த கோளாறென்றால் அதைத் தேர்ந்தாலே பெரும்பாலும் திரை வந்துவிடும். புதிய கெர்னலுக்கு டிரைவர் கட்டப்படாமல் போனதுதான் காரணம் என்று அப்போது தெளிவாகும். லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக் தொகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் டிரைவரைக் கட்ட முடியாது. முந்தைய கெர்னலும் கைகொடுக்காவிட்டால், மெனுவின் முதல் வரியில் நின்று இ விசையைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட்டைச் சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். இந்த ஒரு முறைக்கு மட்டும் அது செல்லும். மங்கலான திரையானாலும் உள்ளே போய் வேலை செய்ய முடியும்.

லாகின் திரை நன்றாக வருகிறது, உள்ளே நுழைந்ததும் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று மானிட்டர் சொல்கிறது என்றால் டிரைவரை விட்டுவிடுங்கள். முன்பு வேறு மானிட்டருக்குச் சேமித்த அமைப்பு அது. ஹோம் டைரக்டரியில் புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் ஃபோல்டரில் மானிட்டர்ஸ் டாட் எக்ஸ்எம்எல் கோப்பை நீக்கிவிட்டு மறுபடி நுழையுங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸுக்குள் உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அங்கே கெஸ்ட் அடிஷன்ஸ் நிறுவுங்கள். டிஸ்ப்ளே அமைப்பில் கன்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ என்றும், வீடியோ நினைவகம் 128 எம்பி என்றும் இருக்கட்டும்.

இவ்வளவும் பார்த்து முடியாதபோது

பிறரிடம் உதவி கேட்க வேண்டிவரும். "திரை சரியில்லை" என்று மட்டும் கேட்டால் மறுபடி "டிரைவரை மாற்றிப் போடுங்கள்" என்றுதான் பதில் வரும். சிப்பின் பெயரும் பயன்பாட்டில் உள்ள டிரைவரும், கெர்னலின் பதிப்பு எண், வேலண்டா எக்ஸ்11ஆ, எந்த போர்ட், நடுவில் ஏதாவது கன்வெர்ட்டர் உண்டா, கடைசியாக எப்போது நன்றாக இருந்தது, அதன்பின் என்ன மாற்றினீர்கள் என்பதையெல்லாம் எழுதுங்கள். இருண்டுபோன முறையின் கெர்னல் பதிவு வேண்டுமென்றால், ஜர்னல்-சிடிஎல் கட்டளைக்குக் கழித்தல் கே, கழித்தல் பி, கழித்தல் 1 என்று மூன்று குறிப்புகளையும் தந்தால் போதும்: முந்தைய பூட்டில் கெர்னல் சொன்னதெல்லாம் வரும். அதில் டிஆர்எம், ஃபர்ம்வேர் என்ற சொற்கள் உள்ள வரிகளை அப்படியே நகலெடுங்கள், சுருக்கிச் சொல்லாதீர்கள். கெர்னலின் பிழைதான் என்று உறுதியானால் 'உபுண்டு-பக் லினக்ஸ்' என்று தட்டுங்கள். தேவையான பதிவுகளைத் தானே திரட்டி, உபுண்டுவின் லாஞ்ச்பேட் தளத்தில் புகார்ப் பக்கத்தைத் திறந்து தரும். எழுதும்போது மானிட்டரின் மாடல் எண்ணையும் சேர்த்துவிடுங்கள். அதே மானிட்டர் வைத்திருக்கும் இன்னொருவர் தேடும்போது அந்த எண்ணைத்தான் தட்டிப் பார்ப்பார்.